ஏழரை ஹெச்பி

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள், திங்கட்கிழமை, தோட்டத்துப் போர்வெல்லில் புது மோட்டார் இறக்கினோம். அன்று காலை ஒன்பதாம் வகுப்புக்கு நான் நடத்தியது இயற்பியலில் திறன் பற்றிய பாடம். தேதி போட்டுக் குறித்து வைப்பது என் பழக்கம் என்பதால் இரண்டும் காலண்டரின் ஒரே தாளில் இருக்கின்றன.

என் கணவர் லாரியோடு வடக்கே போய்விடுவார். சங்ககிரிக்கு மேற்கே இருக்கும் தென்னந்தோப்பை அவருடைய அண்ணன் பார்த்துக்கொள்கிறார். நான் அவரை மாமா என்பேன். மரங்கள் எல்லாம் அவரும் இறந்துபோன அவர் மனைவியும் நட்டவை. அக்கா போன பிறகு மாமா வாய் திறந்தால் மரங்களைப் பற்றித்தான் பேசுவார்.

இரண்டு வருடமாகச் சரியான மழை இல்லை. பழைய ஐந்து ஹெச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடியதும் குழாயில் காற்றுதான் வந்தது. மறுபடி தண்ணீர் ஊற மறுநாள் ஆகும். மட்டைகள் பழுத்துத் தொங்கின.

“மோட்டாருக்கு இழுவ பத்தல. ஏழர போட்டாத் தண்ணி பிச்சுக்கிட்டு வரும்” என்றார் மாமா.

“ஏனுங்க மாமா, உள்ள இருக்கற தண்ணி அதேதானுங்களே? அத மேல தூக்கற வேலையும் அதேதான். பெரிய மோட்டாரு சீக்கிரம் தூக்கும், அவ்வளவுதானுங்க.”

“ஊட்டுலயும் பாடமா சாமி?”

மோட்டார் இறக்க வந்த ஃபிட்டர் சிரித்தார். “அவரப் பாஸ் பண்ணி உட்ருங்க டீச்சர். பாவம், மரம் காயுது.”

சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் தொட்டியின் எதிர்ச்சுவரில் போய் அடித்தது. மாமா கையை நீட்டி, நனைந்த கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பாத்தியா?”

முக்கால் மணி நேரம் ஆகும் முன்பே குழாய் இருமியது. பிறகு காற்று. ஃபிட்டர் ஸ்டார்ட்டரைத் திறந்து பார்த்து மூடினார்.

“மோட்டாரு நல்லாத்தானுங்க இருக்குது.”

காலையில் கரும்பலகையில் எழுதியது நினைவுக்கு வந்தது: அதே வேலை, குறைந்த நேரம், அதிகத் திறன். சரியாகத்தான் எழுதியிருந்தேன்.

மறுநாள் காலை மாமா கேட்டார்.

“ஏம்மா, உள்ள இருக்கறது எத்தன மரத்துக்குப் பத்தும்?”

“பாதிக்குப் பத்துமுங்க.”

“எந்தப் பாதின்னு உம்பட புஸ்தகத்துல இருக்குதா?”

“இல்லீங்க மாமா.”

கிழக்கு வரிசைகள் இளம் மரங்கள், இன்னும் காய்க்கின்றன. மேற்கு வரிசைகள் கல்யாணமான வருடம் அவரும் அக்காவும் முதன்முதலில் நட்டவை. மாமா மேற்குக்குத் தண்ணீர் போகும் வால்வருகே குனிந்தார். அது இறுகியிருந்தது. இரண்டு கையாலும் திருப்பி மூடினார். நான் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன். இரண்டாவது பிரிவேளையில் திறன் கணக்குகள் போட்டோம். பாதிப் பிள்ளைகள் சரியாகப் போட்டிருந்தார்கள்.

ஐப்பசி மழையும் தப்பியது. மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மேற்கு வரிசையில் முதல் மரத்தின் தலை ஒடிந்து விழுந்தது. சமையலறையில் இருந்த எனக்கே சத்தம் கேட்டது. மாமா வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“தண்ணி நிக்கற நேரமாச்சு” என்று எழுந்து, கிழக்கு வரிசைகளுக்கு ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்தப் போனார்.