மீசைக்கு மை அடிச்சிக்கினு ரத்தம் குடுக்கப் போனேன்

இன்னிக்கி காலைல எங்க அரிசி மில்லுல ரத்ததான முகாம்.

நான் மீசைக்கு மை அடிச்சிக்கினு போனேன்.

(பொண்ணு பாக்கப் போவலப்பா. கமெண்ட்ல ஆரம்பிச்சிடாதீங்க.)

மேட்டரு இன்னான்னா, அறுபத்தஞ்சு வயசு தாண்டிட்டா ரத்தம் எடுக்க மாட்டாங்க. எனக்கு போன வருசமே தாண்டிடுச்சி.

நான் கண்ணாடி முன்னாடி நின்னு பூசிக்கினு இருக்கறத எங்க வூட்டுக்காரி பாத்தா. சட்டைல மை படாம இருக்க ஒரு பழைய துண்ட எடுத்து தோள்ல போட்டுட்டு போயிட்டா.

அவளுக்குத் தெரியும்.

கல்வராயன் மலைல ஒரு பாப்பா இருக்குது. பேரு வாணாம். பொறந்ததுலேருந்தே அதுக்கு ஒடம்புல ரத்தம் சரியா ஊறாது. மாசாமாசம் பஸ்ல கள்ளக்குறிச்சிக்கு தூக்கிக்கினு வந்து ஏத்தணும்.

பி நெகட்டிவ். லேசுல கெடைக்காத சரக்கு. நம்ம கிட்ட அதான் ஓடுது!

(அஞ்சாங்கிளாஸ தாண்டாதவனுக்கு ஆண்டவன் ஒண்ணே ஒண்ணு ஒசத்தியா வெச்சான்.)

மூணு மாசத்துக்கு ஒருவாட்டி அவங்கப்பன் போன் போடுவாரு. அவரு பேசி முடிக்கறதுக்குள்ள பாப்பா போன புடுங்கிக்கும்.

"தாத்தா, சாப்ட்டியா? வெறும் வயித்தோட வந்தா சிஸ்டர் திட்டும்."

அவ்ளோதான். வெச்சிடும்.

அத நான் நேர்ல பாத்ததில்ல. நான் குடுக்கற நாளு வேற, அதுக்கு ஏத்தற நாளு வேற. குரலு மட்டும்தான் தெரியும்.

வயசு தாண்டுச்சி, ப்ளட் பேங்க்ல என் பேர எடுத்துட்டாங்க. பெரியவர எதுக்கு தொந்தரவு பண்ணணும்னு அவங்கப்பனும் வுட்டுட்டாரு.

இப்பல்லாம் போன் அடிச்சா லோன் வேணுமான்னு ஒரு பொண்ணு கேக்குது. அதுவும் நல்லாத்தான் பேசுது. சாப்ட்டியான்னு மட்டும் கேக்காது.

அதான் மை.

கோடோன்ல மூட்டைங்கள ஒதுக்கி அடுக்கிட்டு கட்டில் போட்டிருந்தாங்க. சிஸ்டரு நமக்குப் பழகின ஆளு. பாத்ததும் சிரிச்சிட்டு, ஆதார் குடுங்கன்னு கைய நீட்டிடுச்சி.

நான் வுடுவனா? அதுல இருக்கற தேதி எங்க வாத்தியாரு குத்துமதிப்பா போட்டது, எங்க கிளாஸ்ல பாதிப் பேரு ஜூன் மாசத்துலதான் பொறந்தோம், அத நம்பாதம்மான்னேன்.

"அப்ப நெஜ வயசு இன்னும் ரெண்டு சேத்தியே இருக்கலாங்க ஐயா."

சொல்லிக்கினே ஒரு பஞ்ச எடுத்து என் ஒதட்டுக்கு மேல ஒரு இழுப்பு இழுத்துது. பஞ்சு கறுப்பாயிடுச்சி. கோடோன் புழுக்கத்துல மை பாட்டுக்கு வழிஞ்சிக்கினு இருந்திருக்குது!

மொத்த மில்லும் சிரிச்சிது. நானும் சிரிச்சேன்.

சிரிச்சிட்டு கட்டில பாத்தேன். வெள்ளத் துணி போட்டு காலியா கெடந்துது. சும்மா ஒரு பத்து நிமிசம் படுக்க வுட்டாக் கூட போதும்னு இருந்துது.

ஏன் காலின்னா, எவனும் வரல. ரத்தம் குடுத்தா மூட்ட தூக்க முடியாதுன்னு லோடுமேனுங்க ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாத்துக்கினு நின்னாங்க. நானும் இதே மில்லுல தூக்கினவன்தான்டா, குடுத்த அன்னிக்கி மட்டும் ரெஸ்ட் எடுங்க, அதுக்குத்தான் மொதலாளி கூலியோட லீவு குடுத்துட்டாரேன்னேன். ரெண்டு பேரு நவுந்து வந்தானுங்க.

மூட்ட அடுக்குக்குப் பின்னாடி ஒருத்தன் ஒளிஞ்சிக்கினு இருந்தான். என் தங்கச்சி மவன் முருகன். மில்லு வண்டி ஓட்டறான். மாமன் மாதிரியே பி நெகட்டிவ். லைசென்ஸுலயே அச்சடிச்சி வெச்சிக்கினு சுத்தறான்.

"இன்னாடா மருமவனே, போன தலகீழா புடிச்சிக்கினு யாரோட பேசற?"

"மாமா, ஊசின்னா எனக்கு ஆவாது. வுட்டுடு மாமா."

"கல்யாணத்துக்கு முன்னாடி கையில அவ பேர பச்ச குத்திக்கினியே, அது இன்னா வெண்டக்காயாலயா குத்தனாங்க?"

சிரிச்சான். ஆனா நவுரல.

எனக்கு கிண்டல் தீந்து போச்சி. (வாழ்க்கைல இதான் மொதவாட்டி.) பாப்பா கதைய சொன்னேன். சொல்லிட்டு, "என்னால இனிமே குடுக்க முடியாதுடா முருகா"ன்னேன்.

என் மீசைய பாத்தான். பாதி கறுப்பு, பாதி வெள்ள. போயி கட்டில்ல படுத்துட்டான்.

ஊசி போடறப்ப என் கைய புடிச்சான் பாருங்க. வெரலு இன்னும் வலிக்குது.

சிஸ்டரு அவன கேட்டுட்டு அவன் நம்பர பாப்பாவோட அப்பனுக்கு குடுத்துது. அவன் ஜூஸு குடிச்சிக்கினு இருக்கறப்பவே போன் வந்திடுச்சி. அப்பன் நன்றி சொன்னாரு. அப்பறம் பாப்பா வாங்கிடுச்சி. பக்கத்துல ஒக்காந்திருந்த எனக்கே கேட்டுது.

"மாமா, சாப்ட்டியா?"

பய தலைய தலைய ஆட்டறான். (போன்ல தலைய ஆட்டனா அதுக்கு எப்பட்றா தெரியும்?)

போன எம்பக்கம் நீட்டினான். வாணான்னு கைய ஆட்டிட்டேன்.

பேசினா, மறுபடி எப்ப தாத்தா வருவன்னு கேக்கும்.

சரி, வெசயத்துக்கு வரேன்.

பாப்பாவுக்கு மாசாமாசம் வேணும். முருகன் மூணு மாசத்துக்கு ஒருவாட்டிதான் குடுக்க முடியும். தியாகதுருகம், உளுந்தூர்பேட்ட, கள்ளக்குறிச்சி டவுனு, பி நெகட்டிவ் யாராரு இருக்கீங்க?

வேற க்ரூப்புன்னாலும் போயி குடுங்கப்பா. ஒங்க ஆபீஸ்ல, கடைல, ஷெட்டுல ஒரு முகாம் போடச் சொல்லி கேளுங்க. எந்த க்ரூப்புக்கும் எவனோ ஒருத்தன் ஆஸ்பத்திரில காத்துக்கினுதான் கெடக்கறான்.

ஊசிக்கு பயமா இருந்தா எனக்கு ஒரு போன் போடுங்க. கைய புடிச்சிக்க வரேன்.

எந்நேரமா இருந்தாலும் போடுங்க. மொத ரிங்குலயே எடுப்பேன்.