முத்திரை விழுந்த முப்பத்தொரு பக்கம்

மேடையில் நாடகம் போட வேண்டுமென்றால் இந்த மராட்டி ஊரில் முதலில் அதை அரசாங்கத்துக்குக் காட்ட வேண்டும். எழுதிய தாள்களைக் கொடுத்து, அவர்கள் பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்தித் தந்த பிறகுதான் போலீஸ் அனுமதி. சினிமாவுக்கு இப்படி உண்டு என்று தெரியும். ஆகுர்டி தொழிற்சாலைக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் போடும் முக்கால் மணி நேர நாடகத்துக்கும் அதுதான் விதி என்று செயலாளர் சொன்னார். எழுதியவன் நான். படித்தது எட்டாம் வகுப்பு. கையெழுத்துப் போடச் சொல்லும் இடமெல்லாம் எனக்குப் பயம்.

கதை ஒன்றும் பெரிதல்ல. தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை, அங்கே வந்து போகிறவர்களின் பேச்சு. அதில் நாலு பக்கம் மட்டும் என்னுடையதல்ல. எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண்ணுடையது. அவள் கணவர் என்னோடு இரும்பை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர். உருப்படி அதிகம் வர வேண்டும் என்று சூப்பர்வைசர் மெஷினின் பாதுகாப்புத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தார். ஒரு நாள் மதியம் வலது கையில் நாலு விரல் போயிற்று. ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று கம்பெனி எழுதி முடித்தது. எங்கள் ஆட்களும் அதையே பேசினார்கள். போன் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்றார்கள். அதற்குப் பிறகு அவர் கல்யாணம் காட்சி எதற்கும் வருவதில்லை. தெருவில் பார்த்தாலும் வலது கை பேண்ட் பைக்குள் இருக்கும்.

நான் எழுதுகிறேன் என்று கேள்விப்பட்டு அவள் வீட்டுக்கு வந்தாள்.

“டீக்கடக்காரி வேஷம் நான் கட்றேன்ணா. ஆனா நான் சொல்றத எழுதணும். எங்க வூட்டுக்காரரு கவனமில்லாம கைய வுடல. தகட்ட கழட்டுனது யாருன்னு மேடையில சொல்லணும். அவரையும் இட்டாந்து எதுருல ஒக்கார வெக்கிறேன்.”

“அவரு வருவாராம்மா?”

“நான் பேசறேன்னா வருவாரு.”

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். அப்படி ஒரு காட்சியை நானாக எழுதியிருக்க முடியாது. அடுத்த வாரமே நாலு பக்கத்தையும் மனப்பாடமாகச் சொன்னாள்.

பிறகுதான் ஆபீஸ் சமாச்சாரம் வந்தது. தமிழ்த் தாள்களோடு ஹிந்தியிலும் எழுதித் தர வேண்டுமாம். என் மகளுக்குத் தமிழ் பேச்சே தட்டுத் தடுமாறித்தான் வரும், படிக்க வராது. நான் படித்துச் சொல்ல அவள் ஹிந்தியில் எழுதினாள். அந்தக் காட்சி வந்ததும் படிப்பதை நிறுத்தினேன். அதிகாரி இதைப் படிக்கிறார், கம்பெனிக்குப் போன் போடுகிறார், மறுநாள் கேட்டில் என்னை நிறுத்துகிறார்கள். எல்லாம் நடந்து முடிந்ததுபோலத் தெரிந்தது. ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம் இருந்தது.

“ப்பா, டர் லக்தா ஹை தோ, பயமா இருந்தா, அந்த சீன ஹிந்தில மட்டும் விட்டுடுங்க. தமிழ் அவங்களுக்கு எங்க தெரியும்?”

“தெரிஞ்சவன் ஒருத்தன் இருந்தா?”

“அங்க யாரும் இருக்க மாட்டாங்க.”

“இருந்தா?”

அவள் பேனாவை வைத்துவிட்டாள். நான் தமிழிலிருந்தும் நாலு பக்கத்தை உருவிவிட்டுப் பக்க எண்ணை மாற்றிப் போட்டேன். முப்பத்தைந்து முப்பத்தொன்று ஆனது. அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு ஒத்திகையிலும் சொல்லிவிட வேண்டும் என்று போவேன், திரும்பி வருவேன்.

ஊருக்குள் கேம்ப் என்கிற பகுதியில் இருக்கும் அந்த ஆபீஸுக்கு மூன்று தடவை அரை நாள் லீவு போட்டு அலைந்தேன். முதல் தடவை சாப்பாட்டு நேரம். இரண்டாம் தடவை ஜெராக்ஸ் ஒரு செட் குறைந்தது. ‘கலைகள் நம் பெருமை’ என்று சுவரில் எழுதி, பக்கத்தில் தபலா வரைந்திருந்தார்கள். வந்தவன் உட்கார ஒரு நாற்காலி கிடையாது.

மூன்றாம் தடவை கிளார்க் என்னைக் காகா, அதாவது சித்தப்பா, என்று கூப்பிட்டு, மராட்டியில் கேட்டார். இதில் சாமி வருகிறதா? இல்லை. தலைவர் யாராவது? இல்லை. கொடி? இல்லை.

“மக் காய் ஆஹே?” அப்புறம் என்னதான் இருக்கிறது என்று சிரித்தார்.

“டீக்கடை, சாஹேப். ஃபேக்டரி.”

தாள்கட்டை எடுத்து, நோட்டு எண்ணுகிறவர் மாதிரி ஒரு தரம் விரலால் விசிறிவிட்டு முத்திரை குத்த ஆரம்பித்தார். ஒரு வரி படிக்கவில்லை. தமிழ்த் தாள்களில் பாதியைத் தலைகீழாக வைத்தே குத்தினார். இப்போதும் பீரோவில் இருக்கிறது, அப்படியே.

என்னால் வாயை அடக்க முடியவில்லை. “ஃபேக்டரியைத் திட்டுகிற மாதிரி ஏதாவது இருந்தால், சாஹேப்?”

“திட்டேன். எனக்கென்ன? சாமி, தலைவர், கொடி, இந்த மூன்றுதான் எனக்கு.”

இன்னும் நாலு பக்கம் சேர்க்கலாமா என்று கேட்டேன். முத்திரையோடு தந்த சர்டிபிகேட்டின் கடைசி வரியில் விரலை வைத்தார். முத்திரை உள்ள பக்கங்களைத் தவிர ஒரு வார்த்தையும் மேடையில் கூடுதலாகப் பேசக் கூடாது. சேர்ப்பதென்றால் புது மனு, ஒரு மாதம் ஆகும். நாடகத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

என் ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. படித்துப் பார்த்துக் கோடு போட்டு அடித்திருந்தால் அவரோடு சண்டையாவது போட்டிருக்கலாம், சண்டைக்குத் தைரியம் இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து திட்டியாவது இருக்கலாம். மொழி தெரியாதவனிடம் கொண்டுபோய்க் கொடு என்கிறது சட்டம். அவன் எதை அடிப்பானோ என்று நாமே முன்கூட்டி அடித்துக்கொண்டு போய் நிற்கிறோம். அவனுக்கு வேலை மிச்சம். கலையை வளர்க்க இவர்களுக்குச் சம்பளம், கார், பெயர்ப்பலகை. எனக்குத் தெரிந்து இவர்கள் வளர்த்தது இந்த நடுக்கத்தைத்தான்.

அன்று ஒத்திகையில், நாலு பக்கத்தை எடுத்துவிட்டேன் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

“யாரு எடுக்கச் சொன்னது?”

“யாரும் சொல்லலம்மா.”

“ஆபீஸ்ல?”

“அவங்க படிக்கவே இல்ல.”

தலைமுடியை முடிந்துகொண்டே என்னைப் பார்த்தாள். “அப்ப நீயே தனியா ஒரு ஆபீஸ் தொறந்துட்டியா?”

எப்போதும் வாய்க்கு வாய் வரும் ‘ணா’ அதில் இல்லை. நடிக்க மாட்டேன் என்று போய்விடுவாள் என நினைத்தேன். போகவில்லை. மீதி வசனத்தை ஒழுங்காகச் சொன்னாள். அதுவே எனக்கு இன்னொரு கவலையாகிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நாடகம். முன்வரிசையில் ஒரு கான்ஸ்டபிள், மடியில் சர்டிபிகேட் நகல். மூன்றாம் வரிசை ஓரத்தில் அவள் கணவர், சலவைச் சட்டையில், வலது கை பைக்குள். நான் சைடில் திரைக் கயிற்றுக்குப் பக்கத்தில் முத்திரைத் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டிருந்தேன்.

பதினெட்டாம் பக்கத்தில் அவள் நிறுத்தினாள். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஜனங்களைப் பார்த்துத் திரும்பினாள்.

“கவனமில்லாம வெரல வுட்டான்னு பேசிக்கினு கீறீங்களே, அந்த மெஷின் தகட்ட…”

மூன்றாம் வரிசையில் அவர் வலது கையைப் பையிலிருந்து எடுத்தார். முன் நாற்காலியின் முதுகின் மேல் வைத்தார், எல்லாரும் பார்க்கும்படி. கான்ஸ்டபிள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தக்கூட இல்லை. அதையும் நான் பார்த்தேன். பார்த்த பிறகுதான் கயிற்றை இழுத்தேன்.

திரை விழுந்தது. காட்சி முடிந்தது என்று நினைத்துக் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில் உள்ளே அவள் தொடர்ந்து பேசியது யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. கடைசி வார்த்தை வரை சொல்லி முடித்துவிட்டு, வேஷம்கூடக் கலைக்காமல் பின்கதவு வழியாகப் போனாள்.

கான்ஸ்டபிள் மேடையோரம் வந்தான். “இன்டர்வல் ஹை க்யா, காகா?” இடைவேளையா என்று கேட்டான்.

“ஹா, சாஹேப்,” என்று தலையாட்டி டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாம் வரிசை ஓரத்து நாற்காலி காலியாக இருந்தது.

மறுபடி திரை ஏறியதும், டீக்கடைக்காரியின் மீதிப் பேச்சை நான் சைடிலிருந்து தாளைப் பார்த்துப் படித்தேன். முத்திரை உள்ள பக்கங்கள்தான். ஒரு வார்த்தை கூடவில்லை.