வெள்ளத்தன்று சேராத கடிதம்

குற்றாலத்தில் சின்னதாக ஒரு லாட்ஜ் நடத்துகிறேன். சீசன் வந்தால் அருவி நிலவரத்தை மெயிலில் எழுதி அனுப்புவேன். சாரல் விழுந்தால் "வாங்க". வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால் "கிளம்பாதீங்க". யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானே தட்டித் தடவிக் கற்ற வேலை. லாட்ஜ் ரிஜிஸ்டரில் மெயில் முகவரி எழுதிய ஒருவரையும் விடாமல் பட்டியலில் சேர்த்திருந்தேன். ஒரே ஒரு நாள் தங்கியவரும் நம்ம ஆள்தானே என்ற நினைப்பு.

"ஊருக்கே தண்டோரா போடுதிய. கேட்டது யாரு?" என்பாள் மனைவி. நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

போன ஆனியில் ஒரு காலை, வருஷம் தவறாமல் வரும் தூத்துக்குடி டீச்சர் கணவரோடு வந்து இறங்கினார். பக்கவாதத்திலிருந்து தேறி வரும் மனிதர். அருவியில் நிற்கவேண்டும் என்று மாதக்கணக்காகக் காத்திருந்தவர். அன்றைக்குப் பார்த்து வெள்ளம், தடை.

"கிளம்பாதீங்கன்னு விடியமுன்னயே எழுதினேனே டீச்சர்!"

"ஒண்ணும் வரலியே அண்ணாச்சி. தடைன்னு நீங்க எழுதலன்னதும் தண்ணி நல்லாருக்குன்னு நெனச்சிட்டோம்."

போனைத் திறந்து தேடினார். ஸ்பேம் பெட்டியில், லாட்டரிப் பரிசுக்கும் வழுக்கைத் தைலத்துக்கும் நடுவே என் கடிதம் கிடந்தது.

"நெறைய பேருக்கு அனுப்புதது குத்தமா?" என்றேன்.

"குத்தமில்ல. எங்க ஸ்கூல்லேர்ந்தும் அத்தனை வீட்டுக்கும் போகுது. கேட்டவுகளுக்குப் போனா மொத்தமா அனுப்புத கடிதம், கேக்காதவுகளுக்குப் போனா ஸ்பேம். வேண்டாம்னு சொல்ல நீங்க ஒரு வழியும் வைக்கல. அவுக ஸ்பேம்னு ஒரு அமுக்கு அமுக்கிட்டாக. பல பேரு அமுக்கினா, காத்திருக்குத எனக்கும் சேத்துல்லா கதவு அடைபடுது."

"என்னையும் லாட்டரிக்காரன் வரிசையில உக்கார வச்சிட்டாகளே!"

"அவனாவது பரிசு தாரேங்கான்," என்றார் கணவர், நாற்காலியிலிருந்து.

ஏமாந்து வந்தவர்கள் என்னைத் திட்டியிருக்கலாம். டீச்சரோ பகல் முழுக்கக் கூட இருந்து, "இனி எழுதவா? வேணும் என்றவர்களுக்கு மட்டும் வரும்" என்று எல்லாருக்கும் ஒரே ஒரு கடிதம் அனுப்பவைத்தார். விலகிக்கொள்ள அடியில் ஒரு வழியும் வைத்துக்கொடுத்தார். பாதிப் பேருக்கு மேல் பதிலே இல்லை. "வேண்டாம், கேட்டதற்கு நன்றி" என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. பெயர்களை நீக்கும்போது மட்டும் மனசு கொஞ்சம் சுணங்கியது.

ஆடியில் மறுபடி வெள்ளம். எழுதினேன். உடனே டீச்சரின் பதில்: "பாத்தாச்சு அண்ணாச்சி. இவுக சட்டையைப் போட்டுட்டு நின்னாக, கழத்த வச்சிட்டேன்."

தடை நீங்கிய காலையிலும் எழுதினேன். மதியத்துக்குள் இருவரும் வந்துவிட்டார்கள். ஐந்தருவியில் ஒரு கையால் கம்பியையும் மறுகையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்ச நேரம்" என்று நின்றார் அந்த மனிதர்.