பேசாத கரடி

என் தம்பிக்கு முப்பத்தாறு வயது. பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம். பேச்சு கொஞ்சம் குழறும், எழுதப் படிக்க வராது, ஆனால் ஒரு முறை பார்த்த முகத்தை மறக்க மாட்டான். அம்மா போன பிறகு கள்ளக்குறிச்சியில் எங்களோடுதான் இருக்கிறான். நான் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் அரிசி ஆலைக்கு லாரி ஓட்டுகிறார்.

எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவன் கையில் ஒரு துணிப்பை, பழைய சிடி பிளேயர், ஒரே ஒரு சிடி. தமிழில் பேசும் இங்கிலீஷ் கார்ட்டூன் படம் அது. தாய் தகப்பன் இல்லாத ஒரு பெண், அவளைச் சுமந்து பறக்கும் சிறகு முளைத்த கரடி. எப்போதோ அம்மா பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் வாங்கிக் கொடுத்தது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அதைப் போடுவான். அம்மா இருந்தவரை பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டுவாள்.

அந்தக் கரடி பேசும். தொண்டை கட்டின மாதிரி ஒரு குரல். இடி இடிக்கும்போது அந்தப் பெண் நடுங்குவாள், கரடி சொல்லும்: "நான் இருக்கேன்ல, அப்புறம் எதுக்கு பயம்?" தம்பி அந்த ஒரு வரியை மட்டும் குழறாமல் சொல்வான். கரண்ட் போனால் சொல்வான். எனக்குத் தலைவலி என்றால் சொல்வான். அம்மாவை எடுத்துக்கொண்டு போன அன்று, நான் வாசலில் உட்கார்ந்திருந்தபோது என் தோளில் கை வைத்து அதையேதான் சொன்னான்.

அந்த சிடியை உடைத்தவள் நான்தான். கீறல் விழுந்து, கரடி பறக்கும் இடத்தில் படம் நின்று நின்று ஓடியது. பற்பசை தடவித் துடைத்தால் சரியாகும் என்று கடையில் யாரோ சொன்னார்கள். துடைத்தேன். கொஞ்சம் அழுத்திவிட்டேன் போல. நடு ஓட்டையிலிருந்து விளிம்பு வரை விரிசல் விட்டது. பிளேயரில் போட்டால் கரகரவென்று சுற்றிவிட்டு நின்றது.

"கரடி எங்கக்கா?"

"தூங்குதுடா."

"எப்ப எழுந்திரிக்கும்?"

அப்போதுதான் போனில் அந்தச் செய்தியைப் பார்த்தேன். அதே படத்தை நிஜ மனிதர்களை வைத்துப் புதிதாக எடுத்திருக்கிறார்கள், தமிழிலும் வருகிறது என்று. எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. ஆனால் தியேட்டருக்கு அவனைக் கூட்டிப் போக முடியாது. ஒரு தடவை போனோம். இருட்டும் சத்தமும் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு கத்தியவனை, படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே வெளியே கூட்டிவந்துவிட்டோம். அதனால் வீட்டிலேயே ஏதாவது ஆப்பில் பார்க்கும்படி வரட்டும் என்று காத்திருந்தோம். தியேட்டரில் ஓடி முடிந்து சில மாதங்கள் கழித்து அந்தத் தேதியை அறிவித்தார்கள். தினசரி காலண்டரில் அந்தத் தாளின் மூலையை மடித்து வைத்தேன். தினமும் காலையில் ஒரு தாளைக் கிழித்துவிட்டு, மடித்த மூலையைத் தடவிப் பார்ப்பான்.

அந்த நாளில் கடையில் சொல்லிவிட்டுச் சீக்கிரமே வந்தேன். வீட்டுக்காரர் போனை டிவியில் இணைத்துத் தயாராக வைத்திருந்தார். தம்பி குளித்து, திருநீறு வைத்து, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தான்.

படம் நன்றாகத்தான் இருந்தது. நிஜப் பனி, நிஜ மலை, அழகான ஒரு சின்னப் பெண். கரடி வந்தபோது நானே மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஈரத்தில் ஒட்டிய ஒவ்வொரு முடியும் தெரிந்தது. தம்பி கொஞ்சம் பின்னால் நகர்ந்து என் புடவையைப் பிடித்துக்கொண்டான். பிறகு பழகிவிட்டான். வாய் லேசாகத் திறந்தபடி பார்த்தான்.

அரை மணி நேரம் போனது.

"அக்கா, கரடி ஏன் பேசல?"

"பேசும், இரு."

நிஜக் கரடி பேசாது என்பதால் புதுப் படத்தில் அதைப் பேச விடவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. இடி வந்தது. பெண் நடுங்கினாள். தம்பி எழுந்து நின்றான். கரடி தன் சிறகால் அவளை மூடியது, மூச்சு விட்டது. அவ்வளவுதான். காட்சி மாறிவிட்டது.

அவன் நின்றபடியே மீதிப் படத்தையும் பார்த்தான். கடைசியில் பெயர்கள் ஓடி, திரை கறுப்பாகும் வரை நின்றான். பிறகு டிவிக்குப் பக்கத்தில் போய், அதன் பின்பக்கம் எட்டிப் பார்த்தான்.

"அதுக்கு வாய்ல இன்னா ஆச்சு?" என்று கேட்டான்.

வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். "ஒண்ணும் ஆவல மச்சான். இது வேற கரடி."

"என்னுது?"

அன்று அவன் சாப்பிடவில்லை.

மறுநாள் பழைய படத்தைத் தேடினேன். அதே ஆப்பில் அதுவும் இருந்தது. போட்டேன். அதே வரைந்த பனி, அதே கரடி. தம்பி கை தட்டினான். கரடி வாயைத் திறந்து இங்கிலீஷில் பேசியது. இன்னொரு பட்டனைத் தட்டினால் ஹிந்தி. தமிழ் இல்லை. அந்த ஆப் கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று ஒரு பதில் வந்தது.

சத்தத்தை நிறுத்திவிட்டு நானே தொண்டை கட்டின மாதிரி கரடிக் குரலில் பேசிப் பார்த்தேன். "நான் இருக்கேன்ல..." என்று தொடங்கியதுமே என் வாயைத் தன் உள்ளங்கையால் மூடினான். கோபமில்லை. "நீ வேணாக்கா" என்றான்.

பஸ் ஸ்டாண்டு சிடிக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். விசாரித்ததில், பழைய கடைக்காரர் வெள்ளிமலையில் மாமனார் நிலத்தில் மரவள்ளி போட்டுக்கொண்டிருக்கிறார், மிச்சமிருந்த சிடிகளை மூட்டை கட்டிக்கொண்டு போனார் என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை தம்பியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் அவனுக்கு ஒரே சந்தோஷம். ஒவ்வொரு வளைவிலும் என் மேல் சாய்ந்து சிரித்தான். கண்டக்டரிடம், "கரடியக் கூட்டினு வரப் போறோம்" என்றான்.

கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் தம்பியை அடையாளம் கண்டுகொண்டார். "ஒங்கம்மா வருவாங்களே, பூக்கூடையோட. நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். அம்மா போனதையும் நாங்கள் வந்த காரணத்தையும் நான் சொன்னதும், பரண் மேலிருந்து இரண்டு மூட்டைகளை இறக்கினார்.

"தண்ணி எறங்கிட்சும்மா. எது ஓடுது எது ஓடலன்னு எனக்கே தெரியாது. வேணுங்கறத எடுத்துக்கினு போங்க."

களத்தில் சாக்கை விரித்துக் கொட்டினோம். பாதியில் பூஞ்சை பிடித்திருந்தது. ஒரு மணி நேரம் தேடியிருப்போம். தம்பிதான் கண்டுபிடித்தான். நீல அட்டை, அதில் அதே கரடி, முதுகில் அந்தப் பெண். உள்ளே ஒரு வெள்ளை சிடி, மேலே ஒன்றும் எழுதவில்லை. கீறலும் இல்லை. தம்பி அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு கடைக்காரர் காலில் விழப் போனான். அவர் பதறி எழுப்பினார். அங்கே போட்டுப் பார்க்கப் பிளேயர் இல்லை. இறங்கி வரும் பஸ்ஸில் அவன் அந்த அட்டையைப் பக்கத்து சீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் காட்டினான். நானும் சிரித்துக்கொண்டே வந்தேன். அம்மா போன பிறகு நான் அப்படிச் சிரித்ததாக நினைவில்லை.

வீட்டுக்கு வந்து போட்டோம். சிடி ஓடியது. பந்தல், மைக் செட். பட்டுப் பாவாடை கட்டிய ஒரு கைக்குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. யார் வீட்டுக் காதுகுத்தோ. அட்டை மாறிப் போயிருந்தது.

நிறுத்தப் போனேன். தம்பி விடவில்லை. "வரும்க்கா" என்றான். மொய் எழுதுகிறவரை, பந்தியை, சீர்வரிசைத் தட்டுகளை, முன்பின் தெரியாத அந்த முகங்களை எல்லாம் ஒன்று விடாமல் பார்த்தான். நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். பாத்திரம் எதுவும் கழுவவில்லை.

வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். "யார்னா டப்பிங் தெரிஞ்சவங்களாண்ட பேசச் சொல்லிப் பாக்கலாமா?" என்றார்.

"அவன் கண்டுபுடிச்சிடுவான்."

"ஆமா" என்றார். பிறகு குழாயை மூடிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு என்னிடம் அவன் கரடியைப் பற்றிக் கேட்பதில்லை. மற்றவர்களிடம் கேட்கிறான். பால்காரரிடம், கேஸ் சிலிண்டர் போடுகிறவரிடம், மருந்துக் கடைக்கு என்னைக் கூப்பிட வரும்போது மாத்திரை வாங்க நிற்பவர்களிடம். "ஒங்க வூட்ல கரடி பேசுமா?" சிலர் சிரிப்பார்கள். சிலர் எனக்காகப் பாவப்பட்டு நகர்வார்கள். சிலர் விளையாட்டுக்கு, பேசும்பா, வா என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது. அவன் நிஜமாகவே வருவான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

போன வாரம் வேலை முடிந்து வந்தேன், தம்பி வீட்டில் இல்லை. நாலு வீடு தள்ளி ஒரு வீட்டு வாசலில் அவன் செருப்பு கிடந்தது. உள்ளே டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மா சங்கடத்தோடு எழுந்து வந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. கேட்டுக்கினே இருந்தான், பேசும்னு சும்மா ஒரு வார்த்த சொன்னேங்க. அப்பலேர்ந்து ஒக்காந்துக்கினு இருக்கான். டீ குடுத்தேன், குடிக்கல."

அவன் தரையில் சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். டீயில் ஆடை கட்டியிருந்தது.

"வாடா, போலாம்."

"இருக்கா. இன்னும் வரல."

கையைப் பிடித்து இழுத்தால் வருவான். ஆள் கனம் இல்லை, என் பேச்சைத் தட்டவும் மாட்டான். நான் இழுக்கவில்லை. கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த அம்மா எனக்கும் ஒரு டீ போட உள்ளே போனாள். சீரியல் முடிந்து விளம்பரம் வந்தது.