மகளின் முகத்தில் நான் வைத்த எண்ணெய்

என் கடைசி மகளுக்கு இருபத்தாறு வயதாகியும் முகப்பரு விடவில்லை. பத்தாவது படிக்கும்போது வந்தது. கன்னத்திலும் தாடையிலும் சிவந்து சீழ் கோத்து நிற்கும். ஒன்று அமுங்கினால் பக்கத்தில் இன்னொன்று எழும்பும். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவளுக்கு ஆபீஸ் வேலை. கொரோனா போய் இத்தனை வருஷம் ஆகியும் இவள் மாஸ்க் மட்டும் போகவில்லை என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்களாம். அதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

போன வருஷம் வேலூரில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனோம். நான் ஐந்தாவது வரை படித்தவள். அந்த மாதிரி இடங்களில் வாய் திறக்க மாட்டேன். பையை மடியில் வைத்துக்கொண்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். பரு அழுக்கினால் வருவதில்லை. தோலில் எண்ணெய் சுரக்கும் சின்னத் துளைகள் அடைத்துக்கொள்கின்றன, உள்ளே கிருமி பெருகி வீங்குகிறது. பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டி ஜாஸ்தியாவதும் உண்டு. இரவில் முகம் கழுவித் துடைத்துவிட்டு, அவர் எழுதித் தரும் ஜெல்லைப் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க மெல்லிசாகத் தடவ வேண்டும்; பருவின் மேல் மட்டும் வைத்தால் போதாது. முதல் சில வாரம் தோல் காயும், உரியும், பரு கூடினாற்போலவும் தெரியும். பயந்துபோய் நிறுத்தக் கூடாது, மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். கிள்ளக் கூடாது. காய்ந்தால் தடவ எண்ணெய் சேராத ஒரு கிரீமும் எழுதினார். "மூஞ்சில எண்ணெய் மட்டும் வேணவே வேணாம்" என்றார்.

எல்லாம் என் காதில் விழுந்தது. விழவில்லை என்று சொன்னால் பொய்.

இரண்டாவது வாரமே தோல் உரிய ஆரம்பித்தது. வாயோரத்தில் செதில் செதிலாக நின்றது, சிரித்தால் எரிகிறது என்றாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. நான் பேரணாம்பட்டில் முப்பது வருஷம் தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்தவள். காய்ந்து விறைத்த தோலை மடித்தால் வெடித்துவிடும். அதையே டிரம்மில் எண்ணெய் விட்டு உருட்டி எடுத்தால் துணி மாதிரி மெத்தென்று வரும். தோல் என்றால் எண்ணெய் குடிக்க வேண்டும். என் கைக்குத் தெரிந்த படிப்பு அதுதான்.

"கொஞ்சூண்டு தேங்கா எண்ண வெக்கட்டா பாப்பா?" என்று கேட்டேன்.

"நான் இன்னா ஆட்டுத் தோலா மா? டாக்டர் வேணாம்னாங்க இல்ல?"

பிள்ளைகள் எழுவதற்கு முன்னால் அவர்கள் முகத்தில் கை வைத்து ஜெபம் செய்வது எங்கள் வீட்டில் வழக்கம். மறுநாளிலிருந்து ஜெபத்துக்கு முன்னால் விரலை எண்ணெயில் தொட்டுக்கொண்டேன். ஒரு துளிதான். கன்னத்தில், தாடையில், வாயோரத்தில். அவள் தூக்கத்திலேயே 'ம்' என்பாள். ஜெபம் என்று நினைத்து முகத்தைக் காட்டிக்கொண்டு படுத்திருப்பாள். செதில் அடங்கியது. கர்த்தரும் ஒத்துக்கொண்டார் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

அவள் எழுந்து கண்ணாடி பார்ப்பாள். "இன்னா மா இது, மருந்து போட்டும் எண்ண இப்பிடி வழியுது?" என்று சோப்பு போட்டுத் தேய்ப்பாள். கம்பெனியில் இரண்டு தடவை, வீட்டுக்கு வந்து மறுபடியும். தேய்த்த இடம் இன்னும் காயும். நான் இன்னொரு துளி கூட்டுவேன். பரு குறையாமல் நெற்றிக்கும் ஏறியது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம்.

மூன்றாம் மாதம் மறுபடி போனோம். டாக்டரம்மா விளக்கை வைத்துப் பார்த்தார். "ஜெல் தினமும் போட்றீங்களா?"

"ஒரு நாள் கூட விட்டதில்ல மேடம்."

"வேற எதாவது தடவுறீங்களா?"

"நீங்க குடுத்த கிரீம் தவிர ஒண்ணுமில்ல மேடம். காலைல எழுந்தா என் மூஞ்சி வடச்சட்டில பொரிச்சி எடுத்தா மாதிரி இருக்குது."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

ஜெல் ஏன் கேட்கவில்லை என்று புரியவில்லை, இனி பெரிய மாத்திரைதான் என்றார். தேவைப்பட்டவர்களுக்கு நல்ல மருந்துதான். ஆனால் ரத்தம் சோதிக்க வேண்டும், உதடு வெடிக்கும், சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பிறகு ஒரு மாதமும் கண்டிப்பாகக் கர்ப்பம் ஆகக் கூடாது. பள்ளிகொண்டாவிலிருந்து ஒரு சம்பந்தம் அப்போதுதான் கூடி வந்திருந்தது. "தள்ளிப் போடச் சொல்லிட்றேன் மேடம். இந்த மூஞ்சோட போறதுக்கு அது மேல்" என்றாள் மகள். நான் பையை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன்.

ரத்தம் எடுக்கும் இடத்தில் அவள் கையில் ரப்பர் பட்டையைக் கட்டியபோதுதான், "வேணாம்மா, குத்தாதீங்க" என்றேன்.

"ஊசி உங்களுக்கு இல்ல ஆயா, ஏன் பயப்பட்றீங்க?" என்றது நர்ஸ் பெண்.

"எண்ணெய் நான்தான் வெச்சேன்" என்றேன். நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. மகளுக்குப் புரிந்துவிட்டது.

"எவ்ளோ நாளா?"

"ரெண்டு மாசத்துக்கு மேல."

"ஜெபம் பண்றப்பவா?"

தலையாட்டினேன். அவள் கத்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது. பட்டையை அவிழ்க்கச் சொன்னாள், சுடிதார் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். "உள்ள வந்து நீயே சொல்லு மா. என் வாயால சொல்ல மாட்டேன்."

சொன்னேன். டேனரியையும் சேர்த்துச் சொன்னேன். டாக்டரம்மா கோபப்படவில்லை. "அது செத்த தோல் மா, நாமதான் எண்ணெய் குடுக்கணும். இது உயிரோட இருக்கு, தானே சுரக்குது. நீங்க மேல வெச்சு வாசலை அடைச்சிட்டீங்க" என்றார். சீட்டில் மாத்திரையை அடித்துவிட்டு அதே ஜெல், அதே கிரீம், காலை மாலை இரண்டு தடவை மட்டும் மென்மையாக முகம் கழுவுவது, வெயிலில் போனால் அதற்கு ஒரு கிரீம் என்று எழுதினார். இன்னும் மூன்று மாதம்.

மூன்று மாதத்தில் முகம் அடங்கியது. மாதவிலக்குக்கு முன்னால் ஒன்றிரண்டு இன்னும் வருகிறது; சரியானாலும் ஜெல்லை விடக் கூடாது என்றிருக்கிறார்கள், விடாமல் போடுகிறாள். ஆனால் இடது கன்னத்தில் இரண்டு குழி விழுந்துவிட்டது. நான் எண்ணெய் வைத்த மாதங்களில் பழுத்தவை அவை. அதற்கு வைத்தியம் தனி, முழுசாகப் போகும் என்று சொல்ல முடியாதாம். சோறு போடும்போது அவளுக்கு வலது பக்கமாக உட்கார்ந்துகொள்கிறேன்.

இப்போது ராத்திரி அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். ஜெபம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பல் தேய்த்து முகம் கழுவிவிட்டு, அவளே வந்து நாற்காலியில் என் எதிரே உட்காருகிறாள். முதல் நாள் கையை அவள் தலைமேல் வைத்து, "கண்ண மூடிக்கோம்மா" என்றேன்.

"நீ மூடு மா. நான் பாத்துகினு இருக்கேன்" என்றாள்.