நாற்பத்தொன்றாம் கூண்டு ராணி

பண்ணையில் எல்லோருக்கும் அவள் தராசு அக்கா. காலையில் ஒவ்வொரு கூண்டுக்கும் தீவனத்தை நிறுத்துப் போடுவாள். மறுநாள் தொட்டியில் மிஞ்சியதை நிறுத்துக் கழிப்பாள். பதினேழு வருடமாக இதுதான் வேலை. குறைவாகத் தின்று நன்றாக எடை கூடும் கோழிகள்தான் அடுத்த தலைமுறைக்குத் தாய்கள்; மற்றவை விற்பனைக்கு. எதை வைத்துக்கொள்வது என்று இனவிருத்தி டாக்டர் முடிவு செய்வது அவள் எழுதும் எண்ணைப் பார்த்துத்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவளின் நோட்டை அவர் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. அதைச் சம்பளத்தைவிடப் பெரிதாக நினைத்தாள் அவள்.

இந்தமுறை நாற்பத்தொன்றாம் கூண்டுக் கோழி எல்லாவற்றையும் மிஞ்சிவிட்டது. மூன்று வாரமாகப் பாதித் தீவனம் அப்படியே மிச்சம், எடையிலோ முதலிடம். பக்கத்து நாற்பத்திரண்டு, தொட்டியைத் துடைத்து வைத்திருந்தது.

“இவதான்க்கா ராணி. இவ முட்டையைத் தனியா எடுத்து வைங்க. பக்கத்துப் பெருந்தீனிக்காரியை மதியம் வண்டியில ஏத்திடலாம்” என்றார் டாக்டர்.

அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. இத்தனை தலைமுறையில் அவள் கண்டது ஒன்று உண்டு: குறைவாகத் தின்னும் கோழி தொட்டிக்கு அடிக்கடி வராது. வந்தால் நிதானமாகத் தின்னும், பிறகு போய் உட்கார்ந்துவிடும். ராணியோ எந்நேரமும் தொட்டிப் பக்க மூலையிலேயே நின்றது.

சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவோடு கூண்டுக்கு எதிரே முக்காலியைப் போட்டாள். இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் ராணி கம்பி இடுக்கில் கழுத்தை நீட்டி, பக்கத்துத் தொட்டியில் கொத்த ஆரம்பித்தது.

“அடி கள்ளி!”

சிரித்தவளின் சிரிப்பு பாதியில் நின்றது. இரண்டு தொட்டிக்கும் நடுவே இருக்கவேண்டிய தகரத் தடுப்பைக் காணோம். மூன்று வாரத்துக்கு முன் கழுவுவதற்காகக் கழற்றியது அவள்தான். சுவரில் சாய்த்தது சாய்த்தபடியே இருந்தது.

சத்தமில்லாமல் மாட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் வாசலில் வண்டி வந்து நின்றுவிட்டது. எழுந்து ஓடினாள்.

“சார், வண்டியை நிறுத்தச் சொல்லுங்க! ராணி கொஞ்சமா சாப்பிடல, பக்கத்து வீட்டுல சாப்பிடுறா. தடுப்பை மாட்ட மறந்தது நான்தான். மூணு வாரமா எழுதினது அத்தனையும் தப்பு.”

டாக்டர் வந்து பார்த்தார். ராணி அவரைச் சட்டை செய்யாமல் கொத்திக்கொண்டிருந்தது. அவர் முகம் சுருங்கி, பிறகு மெல்ல விரிந்தது.

“நல்லவேளைக்கா! நீங்க சொல்லலைன்னா, அடுத்தவ தொட்டியில வாய் வைக்கிற இனத்தையில்ல வளர்த்திருப்போம்!”

“இனிமே நோட்டை வேற யாருகிட்டயாவது…”

“எதுக்கு? தன் தப்பைத் தானே வந்து சொல்ற ஆளை நான் எங்க போய்த் தேடுறது? நாளையிலிருந்து புதுசா நிறுங்க.”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்த் தடுப்பை மாட்டினாள்.

மூன்று வாரம் மறுபடி நிறுத்ததில் நாற்பத்திரண்டு தாய்களின் பட்டியலில் ஏறியது. ராணி தன் தொட்டியைக் காலி செய்துவிட்டுத் தகரத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. அன்று கண்ணெதிரே திருடி, தவற்றைக் காட்டிக்கொடுத்து அக்காவைக் காப்பாற்றியது இந்தக் கள்ளிதானே? இன்னும் ஒரு பிடி போடச் சொல்லிக் கை பரபரத்தது.

ஆனாலும் நிறுத்துத்தான் போட்டாள்.