சுமலதாவின் கன்னம்

கல்லில் சப்பாத்தி உப்பும்போதெல்லாம் சுமலதாவின் கன்னமும் கூடவே உப்பும். சப்பாத்தி ஆவியை விட்டு அடங்கினால் இவளும் ‘புஸ்’ என்று மூச்சை விடுவாள். ஓசூர் சிப்காட்டில், பம்பு செய்கிற ஒரு கம்பெனியின் கேன்டீனுக்கு வந்த நாளிலிருந்தே இப்படித்தான். பக்கத்தில் நின்று சப்பாத்தி தேய்க்கும் ஜோதியம்மாள் இதைப் பல வருஷமாகப் பார்க்கிறாள். சொன்னால் கூச்சப்படுவாளே என்று சொன்னதில்லை. சுமலதாவுக்கு மட்டும் தெரியாது.

வேப்பனப்பள்ளிப் பக்கத்துக்காரி, எட்டாவதோடு படிப்பை விட்டவள். மூன்று வேளையும் களி கிண்டிய வீட்டில், சப்பாத்தி என்பது டாக்டர் சொன்னால்தான் சுடுகிற பண்டம். கேன்டீனில் முதல் சப்பாத்தி பந்துபோல் எழும்பியபோது கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அந்த வேடிக்கை இன்றுவரை அலுக்கவில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவளுக்குக் கல்லின் முன்னால் நிற்கிற நேரம் மட்டும் திருவிழா.

அதைத்தான் அசெம்பிளி பிரிவு விமல்ராஜ் போனில் படம் பிடித்து கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான்.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் ஏறியதுமே, டயருக்குக் காற்றடிக்கிறவர்போல் டிரைவர் கேட்டார்: “என்னாக்கா, காத்து எத்தன பாயிண்ட்டு வெக்கட்டும்?”

பஸ்ஸே சிரித்தது. யாரோ போனை நீட்டினார்கள். அதில் ஒரு சப்பாத்தியும் அவளும் போட்டி போட்டுக்கொண்டு உப்பிக்கொண்டிருந்தார்கள். சுமலதாவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

அன்றிலிருந்து இடது கையால் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டுதான் சுட்டாள். கன்னம் அடங்கியது. சப்பாத்தியும் அடங்கிவிட்டது! ஒன்றுகூட எழும்பவில்லை. பீகார்க்காரப் பையன் ஒருவன் தன் சப்பாத்தியால் முகத்துக்கு விசிறிக்கொண்டு, “தீதி, இது அப்பளமா அக்கா?” என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டான்.

கான்ட்ராக்டர் திருமலை மாவை மாற்றினார். தண்ணீரை மாற்றினார். கேஸ் அடுப்பைப் பிரித்துக் கழுவினார். ஒன்றும் நடக்கவில்லை.

“நாளைக்கும் இப்டியே இருந்தா நீ பாத்திரம் கழுவப் போயிரும்மா. கல்லுக்கு வேற ஆள் பாக்கறன்” என்றார்.

பாத்திரம் கழுவ அவளுக்கு வருத்தமில்லை. கல்லை விட்டுப் போகத்தான் மனம் வரவில்லை.

மறுநாள் மதியம் வரிசை வாசல்வரை நின்றது. திருமலை இடுப்பில் கைவைத்துப் பக்கத்திலேயே நின்றார். முதல் சப்பாத்தி தட்டை. இரண்டாவதும் தட்டை. ஜோதியம்மாள் சப்பாத்திக்கட்டையை ‘டொக்’கென்று வைத்தாள்.

“வாயப் பொத்தற கைய எடுடி! அந்தக் கையிலதான துணி புடிச்சி அழுத்துவ? இப்ப யாரு அழுத்தறது, உங்கப்பனா?”

சுமலதா தன் இடது கையைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ஆமாம், மடித்த துணி கல்லோரமாகச் சும்மா கிடந்தது.

“எடுத்தா சிரிப்பாங்கக்கா.”

“சிரிச்சா சிரிக்கட்டும். சாப்ட்டுட்டுத்தான சிரிக்கறானுங்க?”

முந்தானையை விட்டாள். துணியை எடுத்துச் சப்பாத்தியின் ஓரத்தை அழுத்தினாள். ஒரு மூலையில் கொப்புளம் கிளம்பியது. இன்னொரு மூலைக்கு ஓடியது. பிறகு மொத்தமும் எழும்பியது. கூடவே கன்னமும்.

பயந்துகொண்டே நிமிர்ந்தாள். வரிசையில் முதல் ஆள் விமல்ராஜ். தட்டை ஏந்தியபடி சப்பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தவனின் கன்னம், அவனுக்கே தெரியாமல் உப்பியிருந்தது. அவன் பின்னால் பீகார்க்காரன் கன்னம். அதற்குப் பின்னால் வாசல்வரை கன்னங்கள். திரும்பிப் பார்த்தால் திருமலையும்!

சப்பாத்தி அடங்கியது. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் விட்ட ‘புஸ்’ஸில் தேய்ப்புப் பலகை மாவு பறந்து ஜோதியம்மாளின் மூக்கில் அப்பியது. சுமலதா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வாயைப் பொத்த மறந்துபோனாள்.

கல் இன்றைக்கும் சுமலதாவிடம்தான் இருக்கிறது. பாத்திரம் கழுவ வேறு ஆள் போட்டிருக்கிறார்கள்.